இடுப்பு எழுபத்தாறு

18 நவம்பர் 2025, செவ்வாய்

காஷ்மீர் குல்மார்க்கில் இடம் கிடைத்துவிட்டது. பெண்களுக்கான பத்து நாள் ஃப்ரீரைடு முகாம். சீர்செய்த பாதையை விட்டு, யாரும் மிதிக்காத புதுப்பனியில் ஸ்கீ பலகைகளைக் காலில் கட்டிச் சறுக்கி இறங்குவது. பஸ்ஸில் மின்னஞ்சலைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மா, "வாந்தி வருதாங்க கண்ணு?" என்று ஜன்னலைத் திறந்துவிட்டார்.

கல்லூரியில் என்.சி.சி. அனுப்பியபோதுதான் முதன்முதலில் ஸ்கீ கட்டினேன். போன வருடம் நானாகப் போனேன். அப்போது கிடைத்தது ஒல்லியான வாடகை ஸ்கீ. புதுப்பனியில் முழங்கால் வரை புதைந்து, கழன்றுபோன ஒன்றை இருபது நிமிடம் கைவிட்டுத் தேடினேன்.

இந்த முறை முகாம்காரர்களே ஸ்கீ எடுத்துவைக்கிறார்கள். அதற்கொரு படிவம்: உயரம், எடை, வெயிஸ்ட். அம்மா பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிறவர். டேப்பை எடுத்து இரண்டு தடவை அளந்தார். "மூச்ச இழுத்துப் புடிக்காத கண்ணு, அளவு பொய்யாப் போயிரும். எழுவத்தாறு சென்டிமீட்டர்." எழுபத்தாறு என்று மட்டும் நிரப்பி அனுப்பிவிட்டேன்.

24 நவம்பர், திங்கள்

பதில் வந்தது. ஸ்கீ ஒதுக்கியாகிவிட்டது, நான் கீழ்ப்பாதைக் குழு. மேலே புதுப்பனிக்குப் போகிற குழு வேறு.

காரணம் இல்லை. என்னால் முடியாது என்று நினைத்துவிட்டார்களா? கேட்கலாம்தான். கேட்கவில்லை. நன்றி சொல்லி ஆங்கிலத்தில் பதில் போட்டேன். ஆங்கிலத்திலும் வரிக்கு இரண்டு 'ங்க' ஒட்டியிருந்த மாதிரியே இருந்தது.

27 நவம்பர், வியாழன்

கீழ்ப்பாதை. அந்த மின்னஞ்சலை இன்னும் நாலு தடவை படித்தேன்.

30 நவம்பர், ஞாயிறு

ரிஃபானா கருமத்தம்பட்டிக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். பம்ப் கம்பெனி டிசைன் பிரிவில் எனக்குப் பக்கத்து மேசை. "போறதே போற, எந்த ஸ்கீல போறேன்னாவது தெரிஞ்சுக்கடி" என்று போனில் பெண்களுக்கான ஸ்கீ வகைகளைத் தேடினாள். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள்: முனை, வெயிஸ்ட், வால்.

ஸ்கீக்கு இடுப்பா?

இருக்கிறது. காலடிக்குக் கீழே ஒடுங்கும் நடுப்பகுதி. அதன் அகலம், மில்லிமீட்டரில். எழுபது, எண்பது என்றால் கெட்டிப் பாதைக்கு. தொண்ணூற்றைந்துக்கு மேல் போனால்தான் புதுப்பனியில் மிதக்கும்.

எழுபத்தாறு —

என் இடுப்பை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

ரிஃபானா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏண்டி, சுடிதார் தைக்கவா அளவு குடுத்த?" அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் அளவு சரியாத்தான் எடுத்தேன்" என்றார்.

யாரும் என்னை மட்டமாக நினைக்கவில்லை. ஆறு நாளாக நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2 டிசம்பர், செவ்வாய்

வெள்ளிக்கிழமை வரை ஸ்கீயை மாற்றலாம். அதற்குப் பிறகு இல்லை. கையில் இருப்பது நூற்றெட்டு ஒன்று, தொண்ணூற்றெட்டு ஒன்று என்று முகாம்காரர்கள் பட்டியலில் போட்டிருக்கிறது. எது?

மத்தியான இடைவேளையில் கம்ப்யூட்டரில் இரண்டையும் வரைந்தேன். நூற்றெட்டைப் பார்த்தாலே ஆசையாக இருக்கிறது; படகு மாதிரி. முனை மேலே வளைந்திருப்பதால் ஆழப் பனியில் புதையாது. ஆனால் குல்மார்க்கில் காலையில் பாதை கல்லாக இறுகியிருக்கும். மத்தியானத்துக்குள் ஆள் நடமாடி, பனி கட்டிகட்டியாகக் கிடக்கும். அங்கே அகலமான ஸ்கீயை விளிம்பில் சாய்த்துத் திருப்ப வேண்டும். நான் ஐம்பது கிலோ.

அம்மா பழுப்புத் தாளில் இரண்டையும் முழு நீளத்துக்கு வெட்டித் தந்தார். கூடத்தில் விரித்து, மேலே ஏறி நின்று, முழங்காலை மடக்கிச் சாய்ந்து பார்த்தேன். தறிக்கொட்டகையிலிருந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "ஆருக்கம்மணி இத்தன நீளச் சட்டைக் கை?"

"கையில்லீங்க, உங்க புள்ள கால்ல கட்டறது" என்றார் அம்மா. பிறகு என்னிடம், "ஒரு நாளைக்குப் போடறதுன்னா பெருசா வெச்சுக்க. எல்லா நாளைக்கும்னா இது." தொண்ணூற்றெட்டைக் கால் விரலால் தொட்டுக் காட்டினார்.

பனியையே பார்க்காதவர். நான் மூன்று நாளாகப் படித்ததும் அதைத்தான் சொன்னது.

4 டிசம்பர், வியாழன்

முகாமுக்குப் போன் செய்துவிட்டேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு.

எடுத்த பெண், "இரண்டுமே இருக்கின்றன, எது வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எதா இருந்தாலும் பரவால்லீங்க — நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து எல்லாக் கேள்விக்கும் அதுதானே என் பதில். விழுங்கினேன்.

"தொண்ணூற்றெட்டு. நீளம் நூற்று அறுபத்து நான்கு. உள்ளே உலோகத் தகடு வேண்டாம், எனக்குக் கனம். நான் மேல் குழுவில் வர வேண்டும்."

என் குரல்தானா அது?

எழுபத்தாறின் கதையையும் சொன்னேன். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "உங்கள் இடுப்புக்கு என் வாழ்த்துகள்" என்றார். மேல் குழுவில் பெயர் போட்டாயிற்று. மொட்டைமாடிக்கு ஓடி, துணி காயும் கொடிகளுக்கு நடுவே நாலு சுற்று குதித்தேன்.

17 ஜனவரி 2026, சனி. குல்மார்க்

ஸ்கீயைக் கையில் வாங்கினேன். நீலம். நட்டமாக நிறுத்தினால் என்னைவிட ஆறு சென்டிமீட்டர் உயரம். பெட்டியில் அம்மாவின் டேப் இருந்தது. ஸ்கீயின் இடுப்பை அளந்தேன். தொண்ணூற்றெட்டேதான்.

19 ஜனவரி, திங்கள்

இரவெல்லாம் பனி கொட்டியிருக்கிறது. காலையில் இறுகிய பாதையில் ஒரு சுற்று. ஸ்கீ சொன்ன பேச்சைக் கேட்டது. பத்து மணிக்கு மேலே போனோம். கீழே சரிவு முழுக்க ஒரு கோடுகூட இல்லை.

யார் முதலில் என்று பயிற்சியாளர் கேட்டார். எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நீங்க போங்க, நீங்க போங்க என்று இருந்துவிடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

"நான் போறனுங்க."

தமிழில் சொல்லியிருக்கிறேன். அங்கே ஒருவருக்கும் புரிந்திருக்காது. ஆனால் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள்.