பத்து நாள் ஆட்டம், நான்கு வார மாத்திரை

மார்ச் 3
கடிதம் வந்துவிட்டது! பெண்கள் கால்பந்துப் போட்டிக்கு நான் நடுவர். வெளிநாட்டில், பத்து நாள்! பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்டிருந்த நேரம். சந்தோஷத்தில் விசிலை ஊதிவிட்டேன். எல்லோரும் நின்று என்னையே பார்க்கிறார்கள். கோட்டோரம் கொடி பிடிக்க என் தோழியும் வருகிறாள். எங்களுக்கு அவள் பெயரே 'கொடி'.

மார்ச் 11
அங்கே மலேரியா அதிகமாம். இருவரும் டாக்டரிடம் போனோம். கிளம்ப இரண்டு நாள் முன்பே மாத்திரை, தினம் ஒன்று. திரும்பி வந்தும் நான்கு வாரம். கொசுவுக்கான களிம்பு, மருந்தில் நனைத்த கொசுவலை. "இவ்வளவு செஞ்சும் காய்ச்சல் வரலாம். வந்தா அன்னைக்கே ஓடி வாங்க. எங்க போயிட்டு வந்தீங்கன்னு முதல்ல சொல்லுங்க" என்றார் டாக்டர்.
வீட்டுக்காரர் வலையைக் கட்டிப் பார்க்கிறேன் என்று உள்ளே போய், வெளியே வர வழி தெரியாமல்... சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

மார்ச் 30
முதல் மாத்திரை. நாளை மறுநாள் விமானம்!

ஏப்ரல் 2
முதல் ஆட்டம். பொழுது சாயத்தான் தொடங்கினார்கள். கொசு கிளம்பும் நேரமும் அதுதான். கால் முழுக்கக் களிம்பு, முட்டிவரை காலுறை. நடுங்கிக்கொண்டே போனேன். விசில் ஊதினேன் பாருங்கள், நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

ஏப்ரல் 10
இறுதி ஆட்டத்துக்கும் நடுவர்கள் நாங்களே! கடைசி நிமிடத்தில் கோல். கொடி சட்டென்று கையிலிருந்த கொடியைத் தூக்கினாள் – ஆஃப்சைடு, கோல் செல்லாது. அரங்கமே கூச்சல். அவள் அசையவில்லை. சரியான தீர்ப்பு. என் தங்கம்!

ஏப்ரல் 14
ஊர் வந்து இரண்டு நாள். கொடி போனில் பேசினாள். மாத்திரையை நிறுத்திவிட்டாளாம். "வயித்தைப் புரட்டுதுக்கா. அதான் வந்தாச்சே, இங்க ஏது அந்தக் கொசு?"
"அங்க கடிச்சப்போ ஏறின கிருமி உள்ள இருந்தா? டாக்டர்கிட்ட கேட்டு வேற மாத்திரை வாங்குடி."
"சரிக்கா, சரிக்கா."

ஏப்ரல் 26
கொடிக்குக் குளிர்காய்ச்சல். இரண்டு போர்வைக்குள் பல் கிடுகிடுக்கிறது. "படுத்து எந்திரிச்சா சரியாயிடும்க்கா" என்கிறாள். எந்திரிடி முதல்ல! கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மருத்துவமனை வாசலிலேயே சொன்னேன் – எங்கே போனோம், எப்போது வந்தோம், இவள் மாத்திரையை விட்டது. உடனே ரத்தம் எடுத்தார்கள். மலேரியாதான். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர். அன்னைக்கே நேர்ல போய்த் திட்டியிருக்கணும். ஏன் போகல நான்?

ஏப்ரல் 29
காய்ச்சல் இறங்கிவிட்டது! கஞ்சி வேண்டாமாம், பிரியாணி வேணுமாம். பிழைத்தாள்.

மே 10
என் மாத்திரை இன்றோடு முடிந்தது. சாயங்காலம் பிள்ளைகள் ஆட்டம். கொடிக்குக் கோட்டோரம் நாற்காலி போட்டு, "உக்காந்தே பிடி" என்றேன். முதல் பாதி உட்கார்ந்திருந்தாள். பிறகு திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி. கொடியும் கையுமாகக் கோட்டோரம் பந்தோடு ஓடிக்கொண்டிருக்கிறாள்.