படத்தின் ஓரத்தில் மூன்று விரல்கள்

உத்தைதானி, ஆற்றங்கரை வீடு
புதன்கிழமை, நவம்பர் 11, பௌத்த ஆண்டு 2552

அன்பு மகள் ஒரஸாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஸ்வீடன் குளிரில் சளி இருமல் அண்டாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேனே தவிர மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. காலையிலிருந்து மீன் கூண்டுக்கு இரண்டு தடவை தீனி போட்டுவிட்டேன், மூன்றாவது தடவை கிளம்பும்போது உன் அம்மா வழிமறித்து, “மீனுக்கு வயிறு வெடிக்கணுமா, இல்ல எனக்குத் தலை வெடிக்கணுமா, உக்காந்து பொண்ணுக்காவது ரெண்டு வரி எழுதுங்க” என்று பேனாவைக் கையில் திணித்தாள். போனில் சொல்லலாம்தான். சொன்னால் நீ பாதியில் சிரிப்பாய், நான் கோபத்தில் வைத்துவிடுவேன், அப்புறம் ஒரு வாரம் உன் அம்மாதான் நடுவில் தூது போக வேண்டும். முப்பத்தைந்து வருஷம் ஊரார் கடிதத்துக்கெல்லாம் தபால் ஆபீஸில் முத்திரை குத்தியவன் நான், என் கடிதத்தை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

முதலில் வீட்டுச் சேதி. ஆற்றில் தண்ணீர் படிக்கட்டின் நான்காவது படிக்கு இறங்கிவிட்டது, இந்த வருஷம் பயமில்லை. உன் அம்மாவின் முட்டி வலிக்கு நீ அனுப்பிய மாத்திரை கேட்கிறது, ஆனால் அதைத் தைலம்தான் குணப்படுத்தியது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். பின்பக்கத் தகரத்தை மாற்றியாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன், எழுந்து போகாமல் எழுத வேண்டும்.

புத்தர் மேடைக்குக் கீழே நம் வீட்டுப் பலகையில் இருக்கும் என் அம்மாவின் படத்தைச் சின்ன வயதிலிருந்து கும்பிட்டு வளர்ந்தவள் நீ, போன தடவை வந்தபோது அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டும் போனாய். தொப்பி போட்டு, கையை மடியில் வைத்து, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். 2485-ஆம் வருஷம், பெண்கள் தொப்பி போடாமல் தெருவில் வரக்கூடாது, வெற்றிலை போடக்கூடாது, போட்டால் எந்த ஆபீஸிலும் வேலை நடக்காது என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருந்த காலம். அந்தக் காலத்துப் படம் எதை எடுத்துப் பார்த்தாலும் நம் ஊர்ப் பெண்கள் கல்யாணத்துக்குப் போன வெள்ளைக்காரிகள் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்பார்கள். அதன் மறு வருஷம் என் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள், எனக்கு மூன்று வயசு, முகம் நினைவில்லை. அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு ஆற்றுவழியே கீழே ஏதோ ஊருக்குப் போனவர் போனவர்தான். என்னை வளர்த்தது ஜேம் அத்தை. கோயில் பள்ளிக்கூடத்தில் பையன்கள் எனக்கு அம்மாவே இல்லை என்று கேலி செய்து நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தபோது அத்தைதான் இந்தப் படத்தைக் கொண்டுவந்து தந்தாள். படத்தின் வலது ஓரம் வெட்டியிருக்கும், அந்த வெட்டை ஒட்டினாற்போல அம்மாவின் முழங்கை மேல் மூன்று குட்டி விரல்கள் தெரியும். அது யார் விரல் என்று கேட்டேன். “உன் விரல்தான், மிச்சத்தக் கரையான் தின்னுடுச்சு” என்றாள். அந்த மூன்று விரலைத்தான் ஒரஸா, நான் அறுபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் முகத்தைவிட அதிகமாக அதைத்தான் பார்த்திருப்பேன். இவள் என்னைத் தொட்டவள் என்பதற்கு எனக்கு வேறு என்ன சாட்சி இருந்தது?

அத்தையின் தகனத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க நாம் அச்சடித்த நினைவுப் புத்தகத்திலும் அந்தப் படத்தைப் போட்டேன், கீழே ஒரு பக்கம் எழுதினேன், என் தாய் குரல் உயர்த்திப் பேசி அறியாதவள், அடக்கமே உருவானவள் என்று. ஐந்நூறு பிரதி. ஊரில் ஒரு வீடு, ஒரு கோயில் பாக்கியில்லை.

இப்போது நடந்ததைக் கேள். சந்தைத் தெருவில் பழைய ஹெங் ஸ்டுடியோவை இடிக்கப் போகிறார்கள். அதன் பரணில் ஹெங் எடுத்த படங்களின் கண்ணாடித் தகடுகள் பெட்டி பெட்டியாகக் கிடைத்தன. நம் விபா டீச்சர் அதையெல்லாம் துடைத்துப் பெரிதாகப் பிரதி போட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய நெல் கிடங்கில் கண்காட்சி வைக்கிறாள். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, “மாமா, உங்க அம்மா படத்தோட தகடு முழுசா கெடச்சிருக்கு, வந்து பாருங்க” என்றாள். ஓடினேன். என் முழு உருவத்தைப் பார்க்கப் போகிறேன் என்று புதுச் சட்டை வேறு. பார்த்தால் அம்மாவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு வயசுப் பெண் குழந்தை ஒன்று நிற்கிறது, அதன் கைதான் முழங்கை மேல். தகட்டின் உறையில் ஹெங்கின் கையெழுத்து: சங்வான், மகள் லம்துவன், படம் வாங்க வரவில்லை. என் அம்மா சாய்புவாவின் பெயர் அதில் இல்லை. சுவரில் சாய்த்திருந்த மற்றப் படங்களையும் பார்த்தேன், பத்துப் பன்னிரண்டு பெண்கள், எல்லார் தலையிலும் அதே தொப்பி, அதே துணிப்பூ. சொந்தத் தொப்பி இல்லாதவர்களுக்கு மாட்டிவிடவென்றே ஸ்டுடியோவில் ஒன்று வைத்திருந்திருக்கிறார் அந்தச் சீனர். விபா என் முகத்தைப் பார்த்து மெதுவாக, “மாமா, உங்களுக்கு அக்கா யாராவது உண்டா?” என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உண்டு, பெரியம்மா மகள், உறையில் பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று சொன்னேன். வாய் கூசவில்லை. அவளும் கைகூப்பிவிட்டு, சாய்புவாவும் உறவுக்காரக் குழந்தையும் என்று படத்துக்குக் கீழே மாட்டும் அட்டையில் எழுதிக்கொண்டாள்.

அன்று ஆரம்பித்தது இந்த அலைச்சல். திருடியவன் மாதிரி இருந்தது. பலகையில் பத்தி கொளுத்தப் போனால் அந்த அம்மாள் என்னைப் பார்க்கிறாள். சனிக்கிழமை வாசலில் ஒரு குரல், நான் லம்துவன், நக்கோன்சவானிலிருந்து மூன்று வருஷம் முன்னால் திரும்பி வந்து அக்கரையில் மிதவை வீட்டில் இருக்கிறேன், என் அம்மா பெயரும் என் பெயரும் ஒரு தகட்டில் இருப்பதாகச் சந்தையில் சொன்னார்கள், கிடங்குக்குப் போனால் டீச்சர் உங்களைக் கேட்கச் சொன்னாள் என்று. நான் மீன் கூண்டுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். உனக்கு அப்பா ஆனவன், அறுபத்தொன்பது வயசுக்காரன், கூண்டுக்குப் பின்னால். உன் அம்மா அவளிடம் வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்து என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். “அந்த அம்மாவுக்கு எழுபத்திமூணு வயசு, பெத்தவ முகம் மறந்தே போச்சாம், படம் எடுத்த வருஷ வெள்ளத்துல வீடு போச்சாம், ஆத்தா போயிட்டாளாம், இவங்கள சொந்தக்காரங்க நக்கோன்சவானுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்களாம். நீங்க அவ அம்மாவுக்கு அறுபது வருஷமா சோறு வெச்சுக் கும்பிட்டுக்கிட்டு இங்க ஒளிஞ்சு உக்காந்திருக்கீங்க, நல்லா இருக்கா?” நல்லாயில்லைதான். ஆனால் அதைக் கொடுத்துவிட்டால் எனக்கு யார்? அவளுக்குத் திரும்பக் கிடைக்கிறது, எனக்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போகிறதே என்று உன் அம்மாவிடம் கத்தினேன். கத்திவிட்டு அழுதேன்.

அத்தை மேலும் கோபம் வந்தது. ஹெங் கடையில் யாரும் வாங்க வராமல் கிடந்த படத்தைக் கொண்டுவந்து, கத்தரிக்கோலை எடுத்து ஒரு குழந்தையை நறுக்கென்று வெட்டி அடுப்பில் போட்டுவிட்டு எனக்குச் சோறு பிசைந்து ஊட்டியிருக்கிறாள். உயிரோடு இருந்தால் சண்டை போட்டிருப்பேன். கோபம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை, சாப்பிடாமல் கிடந்த பையனுக்காக அவள் எதை வெட்டவும் துணிந்திருப்பாள்.

நேற்றுக் காலையில் படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனேன். லம்துவன் அக்கா மிதவையில் உட்கார்ந்து தாழைமடல் நறுக்கிக்கொண்டிருந்தாள், ஒல்லி உடம்பு, மயிரை ஒட்ட வெட்டியிருக்கிறாள், கண் மட்டும் கூர். உண்மையைச் சொல்லிப் படத்தைக் கொடுத்தேன். கை ஈரத்தை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கியவள் ரொம்ப நேரம் பார்த்தாள். அழுவாள் என்று பயந்தேன், அழவில்லை. “இவங்கதானா? தெருவுல எதிர்ல வந்தாக்கூட எனக்கு அடையாளம் தெரிஞ்சிருக்காது தம்பி” என்றாள். அப்புறம் வெட்டின ஓரத்தில் விரல் வைத்து, “என்னை ஏன் வெட்டுனாங்க?” என்று கேட்டாள். குழந்தை கேட்பது போலக் கேட்டாள். எனக்காக அக்கா, என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, நான் இத்தனை வருஷம் அந்த அம்மாளிடம் என்னென்ன வேண்டிக்கொண்டேன், கிடைத்ததா என்று விசாரித்தாள். தபால் ஆபீஸ் பரீட்சை, உன்னைப் பெற்றபோது உன் அம்மா பிழைத்தது, நீ விமானத்தில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது எல்லாம் சொன்னேன். “பரவால்ல, எங்கம்மா சும்மா இருக்கல” என்று ஒரு பெருமையோடு சொன்னாள்.

கிளம்ப எழுந்தேன். போகிற போக்கில்தான் கேட்டாள், உன் சொந்த அம்மா யார், பெயர் என்ன என்று. சாய்புவா என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். “எந்த சாய்புவா? படித்துறையில தேங்காப்பால் பணியாரம் சுட்டாளே அந்த சாய்புவாவா?” என்றாள். அத்தை ஒரு தடவை பணியாரம் என்று ஏதோ சொன்ன ஞாபகம், ஆமாம் போல என்றேன். “அடப்பாவி, சட்டி சாய்புவா மகனா நீ!” என்று சிரிக்க ஆரம்பித்தாள் பார், மிதவையே ஆடியது. தொப்பி போடாமல் சந்தைக்குள் விடமாட்டேன் என்று காவல்காரன் மறித்தபோது என் அம்மா பணியாரச் சட்டியைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு, “தலையில ஏதாவது இருக்கணும்னுதானே உத்தரவு, இருக்கு, பாத்துக்க” என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாளாம். கரி முகமெல்லாம் வழிய, வெற்றிலைச் சிவப்பு வாயோடு, சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டு. பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே ஓடினோம் என்றாள். ஹெங் தன் தொப்பியைக் காட்டி வா படம் எடுக்கலாம் என்று கூப்பிட்டதற்கு, “ஊர்ப் பொம்பளைங்க பேன் மொத்தமும் அதுலதான் குடியிருக்கு, எனக்கு வேணாம்” என்றாளாம். அதனால்தான் ஒரஸா அவளுக்குப் படமே இல்லை. அடக்கமே உருவானவள் என்று ஐந்நூறு பிரதி அச்சடித்தேனே நான்.

அதோடு விடவில்லை அக்கா. “சட்டிய ஒரு கையால புடிச்சிருந்தா, இன்னொரு கை இடுப்புல ஒரு குண்டுப் பையனச் சுத்தி. அவனும் அவ சிரிக்கிறதப் பாத்து, எதுக்குன்னே தெரியாம சிரிச்சுக்கிட்டிருந்தான். நீதானா அது?” என்றாள். கிளம்ப எழுந்தவன் மறுபடி மிதவையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் நீ சத்தமாகச் சிரித்தபோதெல்லாம் அந்தப் படத்தைக் காட்டி, பாட்டியைப் பார், எப்படி வாயை மூடி உட்கார்ந்திருக்கிறாள் என்று அதட்டியிருக்கிறேன். பதினாறு வயசில் ஒரு நாள் நீ கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தாய். அது என் தப்பு. நீ சிரிப்பதில் ஒரு தப்பும் இல்லை.

படத்தை அக்காவிடமே விட்டுவிட்டு நேரே விபாவிடம் போய், நான் சொன்னது பொய், அட்டையை மாற்று என்றேன். பாவம், திட்டவில்லை, தகட்டில் உள்ளபடி பெயரை எழுதிக்கொண்டாள். பிறகு, “அப்போ உங்க அம்மாவுக்கு ஒண்ணுமே இல்லியா மாமா? படம் இல்லாட்டி என்ன, நாலு வரி எழுதிக் குடுங்க, அந்த வரிசையிலயே ஒரு இடம் விட்டு அட்டைய மட்டும் மாட்டுறேன்” என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். இதுதான் காலையிலிருந்து என்னை உட்கார விடாமல் செய்வது. கண்ணை மூடினால் சட்டி தெரிகிறது, சிரிப்புக்கூடக் கேட்கிற மாதிரி இருக்கிறது, சட்டிக்குக் கீழே முகம் மட்டும் வரவில்லை. வராமலே போகட்டும். உனக்கு எழுதிக்கொண்டு வந்ததில் ஒருவழியாக வரி வந்துவிட்டது, இதைத்தான் கொடுக்கப் போகிறேன், தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வராது, கடிதத்தை விபா இன்றே கம்ப்யூட்டரில் அனுப்பிவிடுவாள், சரியா என்று பார்த்துச் சொல்:

சாய்புவா, படித்துறைப் பணியாரக்காரி, 2485. தலையில் இருப்பது பணியாரச் சட்டி. இடுப்பில் இருப்பது மகன் ஸவாங், வயது இரண்டு.

உன் போனில் இருக்கும் படத்தை அழித்துவிடாதே, அந்த அம்மாள் பெயர் சங்வான், இனி அந்தப் பெயர் சொல்லிக் கும்பிடு, நமக்குக் காது கொடுத்தவள். மும்மணிகளும் உன்னைக் காக்கட்டும், போகிற இடமெல்லாம் உனக்கு வழி திறக்கட்டும், நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு. வைட்டமின் மாத்திரையை மறக்காதே, வாடகைக் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா கிடங்கிலிருந்து போன் செய்வாள், தூங்கிவிடாமல் எடு.

உன் அப்பா
ஸவாங்