சூடு போகும் திசை

கார்த்திகை, செவ்வாய் இரவு. செண்பகனூர்.

நாளை அக்கா மகளுக்கு வெப்ப இயக்கவியல் அரியர் தேர்வு. இதிலும் தவறினால் கிடைத்த வேலை கைநழுவிவிடும். பழனி மலையையே ஜீப்பில் கட்டி இழுத்த மெக்கானிக் மகாராஜா நான், சொல்லித்தருகிறேன் என்று மார்தட்டி உட்கார்ந்தேன்.

“மாமா, டீசல் எரியுற சூடு முழுக்க ஏன் வண்டிய இழுக்க மாட்டேங்குது?”

“ரேடியேட்டரக் கழுவு தாயீ, அம்புட்டும் இழுக்கும்.”

“புது வண்டியிலயும் அப்படித்தான மாமா? போங்க, உங்க சோலியப் பாருங்க.”

சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. பயத்தில் அவள் விரல்கள் சில்லிட்டுப்போயிருந்தன. கொஞ்சம் சூடு கொடுக்கலாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். சூடு தானாகக் குளிர்ந்த பக்கம் போகும் என்று அவள் புத்தகம் சொல்கிறது. அவள் கையைவிட என் கைதான் குளிர்ந்து கிடந்தது.