எதிரெதிர் மயில்

சிகாகோ, 11.2.1974

அன்புள்ள அப்பாவுக்கு, மாணிக்கவாசகம் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி, அம்மாவின் இருமல் எப்படி இருக்கின்றன?

இங்கே சின்ன வழக்கு ஒன்று, பயப்படாதீர்கள். படத்தில் பாதியை மட்டும் கம்ப்யூட்டரில் வைத்து, மறுபாதிக்கு அதையே பின்னாலிருந்து ஓட்டும் முறையை எழுதினேன். இதற்கு முன் யாரும் செய்யாதது, எங்களுக்கே சொந்தம் என்று கம்பெனி பேடண்ட் உரிமை கேட்டது. நானும் அப்படியே சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டேன். எதிர்க்கம்பெனி வக்கீல் இப்போது, முன்பே யாரோ செய்ததற்குப் பழைய சான்று தேடுகிறார்.

போன வாரம் தங்கையின் கல்யாணப் போட்டோ வந்தது. நீங்கள் நெய்த புடவையில் எதிரெதிர் மயில்களைப் பார்த்ததும்தான் உறைத்தது. தறிக்கு டிசைன் துளை போட்ட அட்டை கோக்கும்போது, "பாதி போதும்பா, மீதிக்கு இதையே திருப்பி ஓட்டிக்கினு போ" என்பீர்களே! முதல் அட்டையில் 1951 என்று எழுதியும் வைத்திருக்கிறீர்கள்.

சொன்னால் வேலையும் விசாவும் போகும். சொல்லாவிட்டால் பொய்ச் சத்தியம்.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள், சோறு இறங்கவில்லை.

அந்த அட்டைகளைக் கொளுத்தச் சொல்லத்தான் பேனா எடுத்தேன். வேண்டாம். யாராவது காஞ்சிபுரம் வந்து கேட்டால் எடுத்துக் காட்டுங்கள். எனக்குத்தான் இங்கே சொல்ல வாய் வரவில்லை.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

மாணிக்கவாசகம்