பச்சைச் சட்டை ஆட்டம்

போடி,
11.7.1999

அன்பு மகன் அஜய்குமாருக்கு,

கர்த்தருடைய கிருபை அந்த மலையிலும் உன்னோடு இருப்பதாக. அப்பா எழுதுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது என்று உன் அம்மா ஞானசெல்வி சொல்வதால், முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. நாங்கள் இருவரும் நலம்.
2. கல்லூரிக் கால்பந்தில் நடந்த சட்டைத் தகராறு.
3. ஆட்டத்தின் முடிவு.
4. பதில் எழுத நீ அவசரப்பட வேண்டியதில்லை.

முதலாவதில் விவரிக்க ஒன்றுமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் அது இருப்பதில்லை.

இரண்டாவது. கார்கிலில் சண்டை நடக்கும்போது துறைகளுக்கிடையே பந்தாட்டம் வேண்டுமா என்று முதல்வர் முதலில் யோசித்தாராம். பிறகு நடத்துவது என்றாகி, உன் தகப்பன் என்பதால் என்னைத் தொடங்கிவைக்க அழைத்தார்கள். நான் சிறிய உரை ஒன்றை எழுதி, சரியில்லை என்று திருத்தி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அம்மாவோடு போனேன்.

உங்கள் வணிகவியல் துறைக்கு என்றைக்கும் பச்சைச் சட்டைதானே? இந்த வருஷம் வேதியியல் பையன்கள் அதைப் பார்த்ததும் "பாகிஸ்தான் வருதுலே!" என்று கத்திவிட்டார்கள். நீ நின்ற கோலில் இப்போது நிற்கும் ஒச்சாண்டிதான் அணித்தலைவன். அவன் நேராக உடற்பயிற்சி ஆசிரியர் மொக்கைச்சாமியிடம் போய், "சார், நாங்க வெறும் ஒடம்போட ஆடிக்கிறோம். இதப் போட்டா எங்காத்தாவே வீட்டுக்குள்ள விடாது" என்றான். சட்டையில்லாமல் ஆட விதி இடம் தராது என்றார் அவர். உடனே பதினொரு பேரும் சட்டையை உட்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டார்கள். உள்பக்கமும் பச்சைதான், எண் மட்டும் மறைந்தது. "ஏலே, மாறுவேசத்துல ஊடுருவுறாய்ங்கலே!" என்று எதிர்ப்பக்கம் ஒரே சிரிப்பு. ஒச்சாண்டி கண் கலங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கை சட்டைப்பை வரை போனது. அதற்குள் அம்மா மைதானத்துக்குள் இறங்கிவிட்டாள்.

"மூணு வருசம் இந்தச் சட்டையத் தொவச்சவ நானு. இதுல பாகிஸ்தான் எங்கன ஒட்டியிருக்குன்னு காட்டுங்கலே பாப்போம்! எம்மவன் அங்கன பச்சை உடுப்புலதான் நிக்கிறான். அவனையும் கழட்டச் சொல்லுவீகளோ?"

எனக்கு இது தோன்றவே இல்லை, தம்பி. வேதியியல் பையன்கள்தான் முதலில் கை தட்டினார்கள். என் உரை பையிலேயே இருந்துவிட்டது, யாருக்கும் நஷ்டமில்லை.

மூன்றாவது. உங்கள் துறை தோற்றது. காரணம் காற்று. கணவாய்க் காற்று இந்த மாதம் எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியும். ஒச்சாண்டி ஓங்கி உதைத்த பந்து மேலே போய், யோசித்து, திரும்பி வந்து அவன் கோலுக்குப் பின்னாலேயே விழுந்தது. அதனால் கிடைத்த கார்னரில் எதிரணி கோல் போட்டுவிட்டது. அம்மா மொக்கைச்சாமியைப் பார்த்து, "காத்துக்கு விசில் ஊதப்படாதா சார்?" என்று கேட்டாள். "காத்துக்கு விசில் ஊதுனா ஆடி மாசம் முடியிறவரைக்கும் ஊதணும்மா" என்றார் அவர்.

தோற்ற தலைவன் ஜெயித்தவர்களுக்கு ஓடைப்பட்டித் திராட்சை பரிமாறும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒச்சாண்டி முதல் கொத்தை அம்மாவிடம் கொடுத்து, "அண்ணன் எப்ப வர்றாக?" என்று கேட்டான். அவள் கொத்தை முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மேசைமேல் இருக்கிறது. நான் ஒன்று எடுக்கப்போனால் கையைத் தட்டிவிடுகிறாள். பழம் சுருங்கிக்கொண்டு வருகிறது; உனக்குக் கிஸ்மிஸாகத்தான் கிடைக்கும்.

தாள் முடியப்போகிறது. மடிப்பில் கொஞ்சம் இடம் இருக்கிறது. மே மாதத்துக்குப் பிறகு உன் கடிதம் வரவில்லை. மணிச் சத்தம் கேட்டால் அம்மா வாசலுக்குப் போகிறாள். நான் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன். எந்த வரியையும் படிப்பதில்லை.

கர்த்தர் உன்னைக் காத்து, உன் கால்களைத் தள்ளாடவிடாமல் நிறுத்துவாராக.

மேலே நான்காவதாக எழுதியது தவறு. அடித்தால் தாள் அசிங்கமாகும் என்று அப்படியே விட்டிருக்கிறேன். ஒரு வரி போதும், அய்யா.

அப்பா
சுந்தர்ராஜ்