நான் முறுக்கிய ஸ்க்ரூ

ஜூலை 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? "மூணு மாசம் தாங்கமாட்டே" என்றாயே, நான்கு முடிந்துவிட்டது. என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஐந்து பேரில் மூன்று பேர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். தொழிற்பயிற்சிக் கல்லூரியில் பாடம் எடுப்பது என்றால் சும்மாவா? ஒயரிங் வகுப்பில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். முதல் நாள் என்னைப் பார்த்து, "நீயும் புது அட்மிஷனாம்மா?" என்று கேட்டார்கள்.

வேறொரு விஷயம். யாரிடமும் மூச்சு விடாதே. தையல் வேலையை விட்டுவிட்டு நாற்பத்தைந்து வயதில் படிக்க வந்த ஒரு அக்கா இருக்கிறார். போன மாதம் செய்முறைத் தேர்வில் பலகையில் ஒயரிங் முடித்துவிட்டுச் சாப்பிடப் போனார். எர்த் ஒயரின் ஸ்க்ரூ லூசாக இருந்ததைப் பார்த்தேன். தேர்வாளர் வருவதற்குள் நானே முறுக்கிவிட்டேன். பாதி அவருக்காக, பாதி எனக்காக. என் வகுப்பில் ஒருவர் தோற்றாலும், இன்னும் நிரந்தரமாகாத என் வேலைக்கு ஆபத்து. அவர் பாஸ். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

உன் தங்கை

ஜூலை 9

அன்புத் தங்கச்சிக்கு,

அசடே! ஒரு ஸ்க்ரூவுக்கா பட்டினி கிடக்கிறாய்? எல்லா வாத்தியாரும் செய்வதுதான்.

அந்த அக்கா உன் கையெழுத்துப் போட்ட சான்றிதழோடு என்னிடம்தான் வந்தார். என் ஒயரிங் கான்ட்ராக்டுக்கு அன்றே வேலைக்கு எடுத்துக்கொண்டேன். ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு ஒயரிங் செய்கிறார். பதினைந்தாம் தேதி கரண்ட் கொடுக்கிறோம். நீ எதையாவது உளறி என் பிழைப்பில் மண்ணைப் போடாதே. முடியவில்லை என்றால் விட்டுவிட்டு வா, பழையபடி என்னோடு வேலை பார். வாத்தியார் வேலை உனக்கு ஒத்துவராது.

அண்ணன்

ஜூலை 11

அண்ணா,

உன் கடிதம் பார்த்தேன். ஏழு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அதனால்தான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

முதல்வரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சான்றிதழ் ரத்து. "உங்களை வெச்சுக்கறதா அனுப்பறதான்னு திங்கக்கிழமை சொல்றேன்" என்றார். அந்த அக்காவிடமும் நானே சொன்னேன். "தோத்திருந்தா மறுபடி எழுதியிருப்பேனே மேடம், உங்களை யாரு கேட்டா?" என்று போனை வைத்துவிட்டார்.

அவர் போட்ட ஒவ்வொரு பெட்டியையும் நீயே திறந்து, ஒயரை இழுத்துப் பார். அதற்கு முன் கரண்ட் கொடுத்தால் காப்பகத்துக்கு நானே எழுதுவேன். நீ என்னோடு பேசாமல் போனாலும் பரவாயில்லை. எர்த் விட்டுப்போய் ஒரு குழந்தைக்கு ஷாக் அடித்தால்? பயமாக இருக்கிறது அண்ணா.

தங்கை

ஜூலை 20

தங்கச்சிக்கு,

கோபத்தில்தான் போனை எடுக்கவில்லை. கரண்ட் கொடுப்பதற்கு முந்தின நாள் காப்பகத்துக்கும் வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். மொத்தம் பதினெட்டு சுவிட்ச் பெட்டி. பதினேழும் கச்சிதம், என் பழைய ஆட்கள்கூட அப்படிப் போடமாட்டார்கள். உன்னைத் திட்டிக்கொண்டே கடைசிப் பெட்டியைத் திறந்தேன். குழந்தைகள் தூங்கும் அறை. எர்த் ஒயரை இழுத்தேன், கையோடு வந்துவிட்டது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா பக்கத்தில் நின்று அழுதார். பிறகு அவரே மறுபடி மாட்டினார். நான் கை வைக்கவில்லை.

முதல்வர் உனக்கு இன்னும் ஆறு மாதம் கொடுத்திருக்கிறாராமே? அக்கா சொல்லித்தான் தெரியும். மறுதேர்வுக்கு அவரை அனுப்புகிறேன். "மேடம் மேல கோவம் போகலை. ஆனா அவங்க கிளாஸ்தான் வேணும்" என்கிறார்.

நீ அங்கேயே இரு. இங்கே உனக்கு வேலை கிடையாது.

அண்ணன்