மணவாளன் பூட்டிய குழாய்

பாகூர்,
கார்த்திகை 14, 1958.

அன்புள்ள சம்மந்தத்துக்கு வைத்திலிங்கம் எழுதுவது. முதலில் நல்ல சேதி. உனக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறான். அமிர்தமும் பிள்ளையும் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சுகமாக இருக்கிறார்கள். உன் அம்மா கூடவே இருக்கிறார்.

இனிமேல் எழுதுவதைத் தனியாக இருந்து படி.

என் வாடகைக் காருக்குக் காற்று வடிகட்டி மாற்ற வேண்டும், எதை வாங்கலாம் என்று உன்னைக் கேட்டிருந்தேன். சைகோனில் மோட்டார் பட்டறையில் இருக்கிறவன் நீ. மழை ஊருக்கு எண்ணெய்க் கிண்ணம் வைத்த வடிகட்டிதான் சரி, அதன் குழாய் பானெட்டுக்கு மேலே உயர்ந்து நிற்கட்டும், வாய் கீழே பார்க்கட்டும், தண்ணீரைக் குடித்தால் எஞ்சின் பிழைக்காது என்று படம் போட்டே எழுதினாய். நான் அதை வாங்கவில்லை. உன் கடிதம் வருவதற்கு எட்டு நாள் முன்பே, எனக்குப் போட்டியாக வாடகைக் கார் ஓட்டுகிற மணவாளன் தன் காருக்கு அதே குழாயைப் பூட்டிவிட்டான். அவனைப் பார்த்து நான் பூட்டினேன் என்று கடைத்தெருவில் பேசுவார்களே!

சென்னைக்குப் போய், வெள்ளியாக மின்னுகிற, வாய் அகன்ற வடிகட்டி ஒன்றை வாங்கினேன். கடைக்காரர், "உங்க ஊர்ல ரோட்டுல தண்ணி நிக்குமா?" என்று கேட்டார். "நிக்கவே நிக்காதுங்க" என்றேன். பாகூர் ஏரியை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் தாழ்வாகப் பூட்டினார்கள். வண்டி சிங்கம் மாதிரி உறுமியது. மணவாளனே திரும்பிப் பார்த்தான். அன்று எனக்குச் சாப்பாடு கூட வேண்டியிருக்கவில்லை.

முந்தாநாள் காலையில் அமிர்தத்துக்கு வலி கண்டது. உன் அம்மா என்னைத்தான் கூப்பிட்டார். ஏரி வழிந்து சாலையில் முழங்கால் தண்ணீர். புதுச்சேரிக்குப் பாதி தூரத்தில் வடிகட்டி தண்ணீரை இழுத்தது. எஞ்சின் ஒரே அடியாக நின்றது. அமிர்தம் அலறுகிறாள். உன் அம்மா, "இன்னாடா வைத்தி, இப்டி நட்டாத்துல நிறுத்திட்டியே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் இறங்கித் தள்ளினேன். வண்டி அசையவில்லை.

பின்னாலேயே மணவாளன் வந்தான். அந்தத் தண்ணீரில் அவன் வண்டி நிதானமாக வந்தது. "அக்காவைப் புடிப்பா, தூக்கலாம்" என்றான். இருவருமாகத் தூக்கி அவன் காரில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளை பிறந்ததாம். அவன் என்னைக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். திரும்பி வந்து என் வண்டியையும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான்.

ஊரில் எல்லோரிடமும் பழைய எஞ்சின், அதனால்தான் நின்றது என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இவ்வளவுக்குப் பிறகும், உன் அம்மா அவனை மகனே என்று கூப்பிடும்போது எனக்கு வயிறு எரிகிறது. என்ன பிறவி நான்!

அவனுக்கு நீ நன்றி எழுதத்தான் வேண்டும், எழுது. திட்டுவதாக இருந்தாலும் எனக்கும் இரண்டு வரி எழுது. உன் பிள்ளை நூறு வயது வாழட்டும். தை மாதம் நீ கப்பலை விட்டு இறங்கும்போது நான் துறைமுகத்தில் நிற்பேன். மணவாளனும் வருவான். என் வண்டியில் ஏறு, சம்மந்தம்.

இப்படிக்கு,
உன் வைத்திலிங்கம்